பைசோவா, அழுத்தமின்னா?

கேஸ் அடுப்பு பத்த வைக்கற லைட்டரை எடுத்துப் பாருங்க. பேட்டரி கிடையாது, ஆனா அமுக்கினா டக்குனு ஒரு சத்தம், நுனியில நீலமா ஒரு பொறி. உள்ள ஒரு ஸ்பிரிங் சின்னச் சுத்தி ஒண்ணைப் பிடிச்சு வச்சிருந்து சட்டுனு விட்டுடும், அது போய் நகம் அளவு வெள்ளை பீங்கான் துண்டு மேல மோதும், அந்த ஒரு அடிக்கே பல ஆயிரம் வோல்ட் கிளம்பிடும். இதுக்குத்தான் பைசோஎலக்ட்ரிக்னு பேரு, கடைக்காரங்க பைசோன்னு சுருக்கிடுவாங்க, பீசோன்னு சொல்றவங்களும் உண்டு.

முதல் பாதி கிரேக்கச் சொல்லு, அமுக்கறது, நெருக்கறதுன்னு அர்த்தம். பின்பாதி எலக்ட்ரானும் கிரேக்கம்தான், அது அம்பர்ங்கற மரப்பிசின் கல்லோட பேரு. அம்பரைத் தேய்ச்சா துரும்பை இழுக்கும்ல, அதுலேர்ந்துதான் மின்சாரத்துக்கே எலக்ட்ரிசிட்டின்னு பேரு வந்துச்சு.

இந்தக் கதையில இலங்கைக்கும் ஒரு இடம் இருக்கு. 1700கள் தொடக்கத்துல டச்சு வியாபாரிங்க அங்கேர்ந்து டூர்மலின் கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனாங்க, அந்தப் பேரே தோரமல்லிங்கற சிங்களச் சொல்லுலேர்ந்து போனதுதான். சூடாக்கினா அந்தக் கல்லு சாம்பலை இழுத்து ஒட்டிக்கும், அதனால டச்சுக்காரங்க அதை சாம்பலிழுப்பின்னு பொருள்படற பேர்லயே கூப்பிட்டாங்க. சூடு பட்டா மின்னேற்றம் வருதே, அப்ப அமுக்கினா வராதான்னு பாரிஸ்ல ஜாக் க்யூரி, பியர் க்யூரின்னு ரெண்டு அண்ணன் தம்பி யோசிச்சு 1880ல சோதிச்சுக் காட்டினாங்க. அவங்க சோதிச்சது டூர்மலின், குவார்ட்ஸ், டோபாஸ், ரோஷெல் உப்புங்கற ஒரு வகை உப்புப் படிகம், அதோட கரும்புச் சர்க்கரைப் படிகம். நம்ம கற்கண்டு அதே சர்க்கரைப் படிகம்தான், அதுக்குள்ளயும் இந்தக் குணம் இருக்குங்கறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். பைசோஎலக்ட்ரிக்ங்கற பேரை வச்சது க்யூரி சகோதரர்கள் இல்ல, அடுத்த வருஷம் ஹாங்கெல்ங்கற ஜெர்மன்காரர்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? அழுத்தமின் விளைவுன்னு எழுதறாங்க, எனக்கு இது ரொம்பச் சரியான சொல்லாத்தான் படுது. ஆனா நிறைய பேர் இதை மின்னழுத்தத்தோட குழப்பிக்கறாங்க. மின்னழுத்தம்னா வோல்டேஜ், அதுல மின்சாரத்தோட அழுத்தத்தைப் பத்திப் பேச்சு. அழுத்தமின்ங்கறது அழுத்தத்தால வர்ற மின்சாரம். ரெண்டு சொல்லும் அதேதான், வரிசை மாறினா பொருளே மாறிடுது, ஏன்னா தமிழ்ல கடைசில நிக்கறதுதான் தலைச்சொல்லு, அதாவது முக்கியப் பொருளைத் தர்ற சொல்லு. அனல்மின், புனல்மின்னு நாம தினமும் சொல்றோமே, அனலால வர்ற மின், புனலால வர்ற மின், அதே குடும்பத்துல அழுத்தமின்னும் அழகா உக்காந்துக்குது. ஐரோப்பாக்காரங்க அம்பர் துரும்பை இழுக்கறதைப் பார்த்துப் பேரு வச்சாங்க, நாம மின்னறதைப் பார்த்து வச்சோம், லைட்டர் நுனியில நடக்கறது அதுதானே.

ஒரு குறை உண்டு. படிகத்தை அமுக்கினா மட்டும் இல்ல, இழுத்தாலும் வளைச்சாலும் மின்னேற்றம் வரும், மின்சாரம் குடுத்தா திருப்பி அது நீளும் சுருங்கும். அழுத்தம்ங்கற சொல்லு இதையெல்லாம் காட்டல. ஆனா கிரேக்கச் சொல்லும்தான் காட்டல, அதனால விட்டுடலாம்.

அந்த லைட்டர்ல இருக்கற பீங்கான் பெரும்பாலும் பிஇசட்டி, அதாவது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த ஆக்சைடு. 1950கள்லேர்ந்து சென்சார் உலகத்தை ஆண்டுட்டு இருக்கு, ஆஸ்பத்திரி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியோட தலையிலயும் இதுதான். சுட்டு எடுத்த உடனே இது வேலை செய்யாது, சூடான எண்ணெய்ல முக்கி பலமான மின்புலம் குடுத்து உள்ள ஆளுக்கொரு திசையா கிடக்கற குட்டிக் குட்டி மின்முனைகளை ஒரே பக்கமா திருப்பணும், போலிங்னு சொல்வாங்க. சிக்கல் என்னன்னா எடையில பாதிக்கு மேல ஈயம். ஐரோப்பாவுல மின்னணுப் பொருள்ல ஈயத்துக்குத் தடை போட்டும் இந்தப் பீங்கானுக்கு மட்டும் விலக்கு குடுத்து வச்சிருக்காங்க, ஏன்னா இதுக்கு ஈடா எல்லா இடத்துலயும் நிக்கற மாதிரி வேற ஒண்ணு கிடைக்கல. 2004ல ஜப்பான்ல பொட்டாசியம், சோடியம், நியோபியம் சேர்ந்த ஒரு பீங்கானை பிஇசட்டி பக்கத்துலயே கொண்டு வந்து நிறுத்தினாங்க, அதுக்கப்புறம்தான் இந்த ஈயமில்லாத ஆராய்ச்சி சூடு பிடிச்சுது. இன்னொரு பக்கம் 1969ல கவாய்ங்கற ஜப்பான் விஞ்ஞானி பிவிடிஎஃப்ங்கற பிளாஸ்டிக்ல இந்தக் குணத்தைக் கண்டுபிடிச்சார். அது பாலிதீன் தாள் மாதிரி வளையும், அதனால நாடித்துடிப்பு பார்க்க தோல் மேல ஒட்டற சென்சாருக்கெல்லாம் தோதா இருக்கு.

சென்சாருக்கு உணரின்னு நல்ல சொல்லு புழக்கத்துக்கு வந்துடுச்சு, அதனால இது அழுத்தமின் உணரி. வெறும் அழுத்த உணரின்னு எழுதிடாதீங்க, அது பிரஷர் சென்சார், அதுல பல வகை அழுத்தினா மின்தடை மாறறதை வச்சு வேலை செய்யறது, மின்சாரம் பிறக்கறதே இல்ல. நீங்களே பாருங்க, பீப்னு சத்தம் போடற பஸ்ஸர்ல வர்ற, பைசோ பீங்கான் ஒட்டின பித்தளை வில்லை ஒண்ணை வாங்கி மல்டிமீட்டர்ல மாட்டி விரலால தட்டினா எண்ணு துள்ளும், ஆனா விரலை அமுக்கினபடியே வச்சிருந்தா கொஞ்ச நேரத்துல பூஜ்யத்துக்கு இறங்கிடும், சேர்ந்த மின்னேற்றம் மீட்டர் வழியாவே கசிஞ்சு போயிடுது. அதனால அதிர்வு, தட்டு, துடிப்பு பார்க்க இது கெட்டி, எடை மெஷின் செய்யப் போறவங்க இதை வாங்கக்கூடாது.