சுருதி சரி செய்ய வேண்டாம், வந்தபடியே வையுங்கள்

நீலகிரியில் பதிந்துவந்த பழங்குடிப் பாட்டை நீட்டி, "இரைச்சலை எடுத்துட்டு, சுருதியையும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்று சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் கேட்பது வாடிக்கையாகிவிட்டது. தயவுசெய்து இனி கேட்காதீர்கள்.

எதற்குச் 'சரி'யாக வேண்டும்? நீலகிரிப் பழங்குடியான கோத்தர் ஊதும் 'கொள்' என்ற கருவி, நாதஸ்வரம்போல் சீவாளி வைத்த குழல். அதன் துளைகள் ஆர்மோனியக் கட்டைக்கு அளந்து போட்டவை அல்ல. அந்த இடைவெளிகள்தாம் அந்த இசை. மென்பொருளில் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்தால், பன்னிரண்டு கட்டைக்குள் அடைத்த வேறெதுவோதான் மிஞ்சும். கீழே தம்பூரா சேர்ப்பதும் அதே தப்புதான். இரைச்சல் நீக்கி இன்னும் மோசம். சீவாளியின் கரகரப்பையும் ஜால்ராவின் கணீரையும் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். தின்றது திரும்பாது. செய்தே ஆக வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

வாட்ஸ்அப் குரல் பதிவை மூலப் பதிவாக எடுத்துக்கொள்ள முடியாது. பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்து, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு ஏறக்குறைய 1 ஜிபிதான். ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தப்பட்டையில் அடி விழும்போதெல்லாம் குரல் பதுங்கி, அடி நின்றதும் பின்னணிச் சத்தம் எழும்பும். உச்ச அடி கருவியின் ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும்.

பழைய கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்கவே கூடாது. பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நம் ஊர்க் கடற்காற்றில் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்? மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பதிவின் முதல் அரை நிமிடத்தில் தேதி, ஊர், பாடுபவர் பெயர், எந்தச் சடங்கு என்று வாயால் சொல்லிவிடுங்கள். கோத்தரிடம் தெய்வத்துக்கு ஊதுவது வேறு, இழவுக்கு ஊதுவது வேறு, ஆட்டத்துக்கு வேறு. இது தெரியாமல் இழவு மெட்டைக் கல்யாண வீடியோவுக்குப் பின்னணியாகப் போட்டால், அந்த மக்களுக்கு எப்படி இருக்கும்?

செங்கல்பட்டு இருளரோ, ஊட்டித் தோடரோ, யாராக இருந்தாலும் "இதை ஊருக்கெல்லாம் போடலாமா?" என்று கேட்டு, அவர் பதிலையும் பதியுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் பாடியவருக்கும் உரிமை உண்டு. ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். போனில் கேட்க எம்பி3 போதும், ஆனால் மூல வேவ் கோப்பும் அதில் இருக்கட்டும்.