புள்ளி ஒன்று, ஸ்கேன் இரண்டு

"அப்பாவின் நுரையீரலில் 6 மி.மீ. புள்ளி ஒன்று இருக்கிறதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி சி.டி. எடுக்கலாம் என்கிறார் டாக்டர். புற்றுநோயாக இருந்தால் அதற்குள் முற்றிவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான பயம். ஆனால் அந்த மூன்று மாதமும் பரிசோதனையில் சேர்த்திதான்.

நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது. அதனால்தான் நெடுநாள் புகைத்தவர்களுக்கு, அறிகுறி வருமுன்பே குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் சந்தேகம் கிளப்பிய ஸ்கேன்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோயே இல்லை! நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பும் இப்படிப் புள்ளியாகத் தெரியும்.

பிரித்தறிவது எப்படி? நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் விட்டத்தை விட்டுவிட்டுக் கன அளவைக் கணக்கிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லட்டின் விட்டத்தைக் கால்பங்கு கூட்டிப் பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய இருமடங்கு பூந்தி பிடிக்கும். அதேபோல 6 மி.மீ. புள்ளி 7.5 ஆனாலே கன அளவு ஏறக்குறைய இரட்டித்துவிட்டது என்று பொருள். கண்ணுக்குத் தப்பும் அந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் கணினி பிடித்துவிடும். இரட்டிக்க 600 நாளுக்கு மேல் ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. 400 நாளுக்குள் என்றால் சந்தேகம். இருபது நாளுக்குள்ளேயே இரட்டித்தால்? அது பெரும்பாலும் கிருமித்தொற்று. புற்றுநோய்க்கு அவ்வளவு வேகம் அபூர்வம். மங்கலான, பனி படர்ந்த கண்ணாடி போன்ற புள்ளிகள் மட்டும் விதிவிலக்கு. மெதுவாக வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால் அவற்றைப் பல ஆண்டுகள் கவனிப்பார்கள். அந்த நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது: சி.டி. எடுக்காதவர்களைவிட, எடுத்த ஆண்களிடம் பத்தாண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 24 சதவீதம் குறைவு.

ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று உறுதியானால் நுரையீரலின் அந்தப் பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றுவார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று சொல்லிச் சொல்லியே குணமாக்கக்கூடிய மாதங்களைப் பலர் தொலைக்கிறார்கள்; எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சைதான் நல்ல வாய்ப்பு.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் மூன்று பந்துள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை விடாமல் இழுக்க வேண்டும். சுருங்கிய காற்றறைகள் விரியவும் சளி தேங்காமலிருக்கவும்தான் அது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆறு மாதத்துக்கொரு சி.டி., பிறகு ஆண்டுக்கொன்று. அங்கேயும் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். ஃபிலிமை வைத்துக் கன அளவு கணக்கிட முடியாது. ஸ்கேன் மையத்தில் தரும் டிஸ்க்கை ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துப் போங்கள்.