நடுக்கம் நின்றால் தேவலை என்று யார் சொன்னது?

சனிக்கிழமை இரவு எட்டரை மணி இருக்கும். கிளினிக்கை மூடப்போகிற நேரத்தில் உச்சிப்புளியிலிருந்து ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். நோயாளி அவரில்லை. கையிலிருந்த செல்போனை என் மேசையில் சாய்த்து வைத்தார். "என் மகன்தான், டாக்டர். ஸ்காட்லாந்துல படிக்கிறான். மழையில நல்லா நனைஞ்சிட்டானாம். காய்ச்சல் வர்றதுக்குள்ள என்ன மாத்திரை போடணும்னு சொல்லுங்க."

அங்கே மாலை நாலு மணி. வாடகைக் காரின் பின்சீட்டில் பையன் உட்கார்ந்திருக்கிறான். முடி நெற்றியில் ஒட்டிக் கிடக்கிறது, உதட்டில் ரத்தமே இல்லை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கிளாஸ்கோவிலிருந்து கிளென்கோ போய், காலை பத்து மணியிலிருந்து மழையிலேயே மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள். "நல்லாத்தான் டாக்டர் இருக்கேன், அம்மா சும்மா..." என்றான். நாக்கு தடித்தவன் பேச்சு மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த நண்பன் சமாதானம் சொன்னான்: "இவ்வளவு நேரம் உதறிட்டு இருந்தான் சார். இப்ப நடுக்கம் நின்னுருச்சு, தேவலை."

அந்தத் 'தேவலை'யைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"தம்பி, ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழு" என்றேன். விரல்கள் ஜிப்பைத் தேடின, பிடித்தன, நழுவவிட்டன. மூன்று முறை. அப்புறம் எதற்குத் தேடினோம் என்பதே மறந்துபோய் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தான். அம்மாவின் போன் நம்பரைக் கேட்டேன். நாலு எண் சொல்லி நின்றுவிட்டு, "தூக்கம் வருது, விடுங்க" என்று எரிந்து விழுந்தான்.

நண்பனை 999 அழைத்து ஆம்புலன்ஸ் கேட்கச் சொன்னேன். அது வருவதற்குள் உள்ளாடை வரை ஈரத்தைக் கழற்றச் சொன்னேன். கூச்சப்பட்டார்கள். கத்திய பிறகு கழற்றினார்கள். காய்ந்த ஸ்வெட்டர் ஒன்று, தலைக்குத் தொப்பி, கார் ஹீட்டர். இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா கிளம்பும்போது கேட்டது இதுதான்: "அப்ப காய்ச்சல் வராதுல்ல டாக்டர்?"

இந்த வருஷத்தில் இது எனக்கு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் போனிலேயே கத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் ஊரில் மழையில் நனைந்தால் எல்லோருக்கும் பயம் காய்ச்சல் மேல்தான். உடம்பு சுடுகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போமே தவிர, உடம்பு ஆறிக்கொண்டே போகும் என்பது நம் கற்பனையிலேயே கிடையாது. என் மேசை இழுப்பறையில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்று கிடக்கிறது. அதில் கோடுகள் தொடங்குவதே 94 டிகிரி ஃபாரன்ஹீட்டில். ராமநாதபுரத்து டாக்டருக்கு அதற்குக் கீழே பார்க்கும் வேலை பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் 95-க்கு, அதாவது 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உடலின் உள்வெப்பம் இறங்கிவிட்டால் அதுவே ஆபத்து. அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். தொடக்கத்தில் உடம்பு உதறி உதறிச் சூடு உண்டாக்கப் பார்க்கும். 32 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் போகும்போது அந்த நடுக்கம் நின்றுவிடும். குணமாகிவிட்டதால் நிற்பதில்லை, உடம்பு தோற்றுவிட்டதால் நிற்கிறது. பேச்சு குழறுவது, கால் தடுமாறுவது, கையில் பிடித்தது நழுவுவது, சாதுவான பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழுவது, இவற்றில் இரண்டைப் பார்த்தாலே உதவிக்கு அழையுங்கள். சிலர் கடைசியில் "சூடா இருக்கு" என்று தானாகவே சட்டையைக் கழற்றுவார்கள். அது இன்னும் மோசமான கட்டம். முக்கியமாக, "நல்லாத்தான் இருக்கேன்" என்று பாதிக்கப்பட்டவர் சொல்வதை நம்பாதீர்கள். அதைத் தீர்மானிக்க வேண்டிய மூளைதான் முதலில் மந்தமாகிறது.

"ஐஸ்கூட இல்லையே டாக்டர், பத்து டிகிரிதானே இருந்துச்சு?" பத்து டிகிரி போதும். மழையும் காற்றும் கூட இருந்தால் தாராளமாகப் போதும். நமக்கு மழை என்றால் 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியதே, அதுதான் மழை. கொட்டும், நிற்கும், வெயில் வந்து சட்டை காய்ந்துவிடும். அங்கே பெய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பூச்செடிக்குத் தெளிப்பது போல ஒரு தூறல். அது நாள் முழுக்க நிற்காது, சட்டையும் காயாது. அந்த ஈரத்தின் மேல் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். குடை கொண்டுபோகிறேன் என்கிறவர்கள் ஆடி மாதத்தில் அரிச்சல்முனையில் ஒரு தடவை குடையை விரித்துப் பாருங்கள். மலையில் ஏற ஏறக் குளிரும் கூடும், ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை 1,345 மீட்டர். அடிவாரத்தில் டி-ஷர்ட்டோடு செல்ஃபி எடுக்கிற நாளில் உச்சியில் பனி இருக்கலாம்.

இதையெல்லாம் நான் விளக்காமலே புரிந்துகொண்டவர் பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர். மகளை அயர்லாந்துக்கு அனுப்பப்போகிறவர். "வாடைக்காத்துல நனைஞ்ச துணியோட நிக்கக் கூடாதுன்னு எங்க ஆளுகளுக்குத் தெரியும் சார். கழட்டிப் போட்டுட்டு இன்ஜின் பக்கத்துல போய் உக்காந்துக்குவோம்." அவ்வளவுதான் விஷயம். படகுக்காரருக்குத் தெரிந்தது, முதுகலை படிக்கப்போகிற பிள்ளைக்குத் தெரியவில்லை. பெட்டியில் ஆறு ஜீன்ஸ் வைத்திருக்கிறது.

ஜீன்ஸும் பருத்திதான், அதை மறந்துவிடுகிறோம். பருத்தி வியர்வையைக் குடித்து நம்மைக் குளிர்விக்கும், அதனால்தான் இந்த ஊரில் அது தெய்வம். அங்கே அதே குணம்தான் எமன். உள்ளே தெர்மல் உள்ளாடையோ கம்பளியோ, அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் மழை புகாத ஜாக்கெட். அதே மாதிரி மழை புகாத பேன்ட்டும் வேண்டும், அதை யாரும் வாங்குவதில்லை. கடையில் விலை அதிகம் என்றால் பழைய துணி விற்கும் சாரிட்டி ஷாப்பில் தேடுங்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் காய்ந்த சட்டை, காலுறை, குல்லாய். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். நடுங்குவதற்கும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும். ஐம்பத்தைந்து கிலோ பிள்ளைகள் சீக்கிரம் ஆறிப்போவார்கள்.

குளிருக்கு ஒரு பெக் பிராந்தி? வேண்டாம். தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு போல் காட்டும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். தைலம் போட்டுக் கை கால் தேய்ப்பது, சுடுதண்ணீரில் உட்காரவைப்பது, இரண்டும் கூடாது. நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுக்கலாம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். "கடற்கரைப் பையனுக்கு நீச்சல் சொல்லித்தரணுமா டாக்டர்?" தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி, எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் இதே வசனம். தம்பி, உனக்கு நீச்சல் தெரியும், நான் மறுக்கவில்லை. உனக்குத் தெரிந்தது வெதுவெதுப்பான தண்ணீரில் நீந்த. நம் கடல் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பிரிட்டன், அயர்லாந்துக் கடல்களின் சராசரி 12 டிகிரி. 15-க்குக் கீழே உள்ள தண்ணீரில் சட்டென்று விழுந்தாலோ குதித்தாலோ உடம்பு உன்னைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். தொடர்ந்து மூச்சு வாங்கும், இதயம் எகிறும். முதல் ஒன்றரை நிமிஷத்தில் நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான். அது அடங்கினாலும் பத்து பதினைந்து நிமிஷத்தில் கை கால் விறைத்து வீச்சு நின்றுவிடும். இதெல்லாம் ஹைப்போதெர்மியா வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். மே மாத வெயிலில் லோமண்ட் ஏரி பளபளவென்று கூப்பிடும். வெயில் உன் தோலுக்குத்தான், தண்ணீருக்கு இல்லை.

2024 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் லின் ஆஃப் டம்மெல் என்ற அருவிப் பகுதியில் இரண்டு இந்திய மாணவர்கள் தண்ணீரில் விழுந்து இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் இறந்த ஐந்து பேரும் தமிழ் இளைஞர்கள். பரந்த மணல், பார்க்கச் சாதுவான கடல். பாக் நீரிணையில் ஏற்றவற்றம், அதாவது கடல் ஏறி இறங்குவது, ஒரு மீட்டர்கூட வராது. அங்கே பல இடங்களில் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறும். பிரிஸ்டல் கால்வாயில் 14 மீட்டர் வரைக்கும். மணல் திட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் கடல் சூழ்ந்துவிடும்.

தவறி விழுந்துவிட்டால் நீந்தாதே. மல்லாந்து, காது தண்ணீரில் இருக்கும்படி தலையைச் சாய்த்து மித. மூச்சு அடங்கிய பிறகு கத்து, அல்லது கரைக்கு நீந்து. நண்பன் விழுந்தால் நீயும் குதிக்காதே.

மழை என்றாலும் மலையிலிருந்து ஏன் பாதியில் திரும்பி வர மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாரம் 20 மணி நேரம் வேலை, மிச்ச நேரம் படிப்பு. கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு, அதற்குக் காருக்குப் பங்கு போட்டுப் பணம் கட்டியாயிற்று. மழை என்று ரத்து செய்ய மனசு வராது. புரிகிறது. அந்தக் காரிலேயே ஊருக்குள் ஒரு கோட்டையையோ மியூசியத்தையோ பார்த்துவிட்டு வாருங்கள், அல்லது மலையைக் கீழே நின்று பாருங்கள். முந்தின இரவு வானிலை அறிக்கையில் மலைக்கு என்று தனியாகச் சொல்வதைப் படியுங்கள். டிசம்பரில் அங்கே நாலு மணிக்குள் இருட்டிவிடும். குளிரில் போன் பேட்டரியும் சீக்கிரம் செத்துவிடும்.

மாட்டிக்கொண்டால் 999. மலை என்றால் முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மௌண்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்ல வேண்டும். கடற்கரை என்றால் கோஸ்ட்கார்ட். பில் வந்துவிடுமோ என்று பயந்து கூப்பிடாமல் இருக்காதீர்கள். அந்த மலை மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், காசு வாங்குவதில்லை.

அப்புறம் ஒன்று. எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை அம்மாவுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் போகிறீர்கள். உச்சிப்புளியிலிருந்து 999 அடித்தால் ஸ்காட்லாந்தில் மணி அடிக்காது. அங்கேயே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ரூம்மேட்டோ ஹவுஸ் ஓனரோ. இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, "கீழ் வீட்டுல ஒரு பாட்டி இருக்காம் டாக்டர், இவன் மேல ரொம்பப் பிரியமாம்" என்றார். சரி, அந்தப் பாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள் என்றேன்.