'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிற கத்தியை நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி கத்தியோடு பட்டறைக்கு வந்தார். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு, ஈட்டி மரக் கைப்பிடி, தைத்த தோல் உறை. வால்பாறைப் பக்கம் நண்பர்களோடு தங்கியிருந்தபோது காய்ந்த மூங்கிலைச் சீவியிருக்கிறார். பத்துச் சீவலுக்குள் கத்தியின் வாய் ஒரு பக்கமாக மடங்கிவிட்டது. "அண்ணா, இதைக் கொஞ்சம் காய்ச்சி கெட்டியாக்கிக் கொடுங்க" என்றார்.

மேசையில் கிடந்த பழைய அரத்தை எடுத்துக் கத்தியின் முதுகில் ஒரு மூலையில் வைத்துத் தள்ளினேன். உடனே கடித்தது, பொடி உதிர்ந்தது. காய்ச்சிக் குளிர்வித்துச் சரியாகப் பதம் போட்டுக் கெட்டியாக்கிய கத்தி என்றால் அரம் பிடிக்கவே பிடிக்காது, கண்ணாடி மேல் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. 304 வகை ஸ்டீல். வீட்டில் இருக்கிற நல்ல எவர்சில்வர் குண்டா எதில் செய்ததோ, அதே.

கடைக்காரர் அவரிடம் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சங்கடம். 304 ஸ்டெயின்லெஸ்தான். குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம், துரு கிட்டே வராது. ஆனால் கார்பன் 0.08 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதை 1050 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் கெட்டியாகாது, இருப்பதைவிட இன்னும் மென்மையாகி வெளியே வரும். அந்தக் கத்திக்கு என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, காய்கறிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

கோவையில் 20 வருஷத்துக்கு மேலாக ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது ஸ்டீலைக் காய்ச்சிப் பதம் போடுகிற தொழிலில் இருக்கிறேன். டை (தகட்டை வெட்டி, அழுத்தி வடிவம் கொடுக்கிற அச்சு), பம்ப் ஷாஃப்ட், பிளேடு இதுதான் தினசரி வேலை. இப்போது மலையேற்றம், டென்ட், தூண்டில் என்று வெளியே போகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் கத்திகளும் வருகின்றன, அதில் பாதி இந்த மாதிரி ஏமாந்து வாங்கியவை. காட்டுக்குள் கத்தி உடைந்து கையைக் கிழித்துக்கொண்டால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டீலைக் கெட்டியாக்குவது கார்பன், துருவிலிருந்து காப்பது குரோமியம், இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டால் அது கார்பைடு, அதாவது ஸ்டீலுக்குள் சிதறிக் கிடக்கிற கெட்டியான சின்னத் துகள். கார்பைடுக்குள் மாட்டிய குரோமியம் துருவைத் தடுக்காது, வெளியே சுதந்திரமாக இருக்கிற குரோமியம் மட்டும்தான் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகி ஸ்டீலைக் காப்பாற்றும். ஆகவே "எத்தனை சதவீதம் குரோமியம்" என்று லேபிளைப் பார்த்து முடிவு செய்வது பாதிக் கணக்குதான். எங்கள் ஊர் டை பட்டறைகளில் தினமும் புழங்குகிற டி2 என்ற ஸ்டீலில் ஏறக்குறைய 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, ஆனால் 1.5 சதவீதம் கார்பன் அதில் நல்ல பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் டி2 மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும். அதை ஸ்டெயின்லெஸ் என்று விற்றால் வாங்காதீர்கள்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய ஸ்டீலில் குரோமியம் 12.8, கார்பன் 0.24 சதவீதம். துரு பிடிக்காத கத்தி வந்துவிட்டது, ஆனால் அது வெட்டாத கத்தி என்று அந்த ஊர்க் கத்திக்காரர்களே பேசினார்கள். இன்று மலிவு விலையில் வருகிற 420ஜே2 கத்திகளும் அந்தக் குடும்பம்தான். கார்பன் 0.3 பக்கம் இருக்கும், உப்புத் தண்ணீரை ஓரளவு தாங்கும், கூர் மட்டும் நிற்காது. வெளியில் கொண்டுபோக அது போதாது.

சரி, எது போதும்? என்னைக் கேட்டால் 12சி27, 14சி28என் இரண்டும் போதும். இரண்டுமே ஸ்வீடனில் சாண்ட்விக் உருவாக்கியவை, அந்தப் பிரிவு 2022-இலிருந்து அலெய்மா என்ற பெயரில் நடக்கிறது. இரண்டிலும் கார்பன் 0.6 பக்கம்தான், குரோமியம் 14 சதவீதத்தை ஒட்டி. கார்பைடு துகள்கள் மிகப் பொடியாக இருப்பதால் வாயை மெல்லியதாகச் சாணை பிடிக்கலாம், மரக்கணுவில் தட்டினாலும் சில்லு பெயராது. 14சி28என்-இல் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்திருக்கிறார்கள், துருவைத் தாங்குவதில் அது ஒரு படி மேல். ராக்வெல், அதாவது கெட்டித்தன்மையின் அளவு, 57 முதல் 59 வரை வரும்படி பதம் போட்டுக் கொடுத்தால் விறகு சீவ, கயிறு அறுக்க, மீன் சுத்தம் செய்ய எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கும். மழுங்கினாலும் சாதாரண சாணைக்கல்லில் ஐந்து நிமிஷத்தில் கூர் வந்துவிடும்.

440சி கேட்டு வருகிறவர்கள் நிறைய. மோசமான ஸ்டீல் இல்லை. கார்பன் 1 சதவீதம், குரோமியம் 17, கூர் நன்றாக நிற்கும். ஆனால் கார்பைடுகள் பெரிசு, கத்தியை மரத்தில் குத்தி நெம்புகிற பழக்கம் உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு விஷயம் கவனியுங்கள், 440 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 440ஏ-வாகவும் இருக்கலாம், அதில் கார்பன் 0.7 பக்கம்தான்.

பவுடர் முறையில், அதாவது ஸ்டீலைப் பொடியாக்கி அழுத்திச் செய்கிற எஸ்30வி மாதிரி விலையுயர்ந்தவை கூரை வெகுநாள் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அவற்றில் இருக்கிற வனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்லைவிடக் கெட்டி, வைரக்கல் இல்லாமல் தீட்டுவது கஷ்டம். நாலு நாள் மலையில் இருக்கிறவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். பணம் இருக்கிறது, நல்லதாகத்தான் வேண்டும் என்றால் மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021-இல் வந்தது. குரோமியம் 10.7 சதவீதம்தான், கேட்டால் குறைவாகத் தெரியும், ஆனால் கார்பனை வனேடியமும் நயோபியமும் பிடித்துக்கொள்ளும்படி கணக்குப் போட்டுச் செய்ததால் குரோமியம் கார்பைடே உண்டாவதில்லை, அத்தனையும் துருவைத் தடுக்கிற வேலைக்கு மிச்சம். குரோமியத்தைவிட இன்னும் பலமாகக் கார்பனை இழுக்கிற தனிமங்களை வைத்தே குரோமியத்தை விடுவித்திருக்கிறார், தொழில்காரனாக எனக்கு அதில் பெரிய மரியாதை.

கடலில் வேலை என்றால் கதை வேறு. உப்பில் இருக்கிற குளோரைடு அந்த ஆக்சைடு படலத்தை ஊசி முனை அளவில் துளைத்து உள்ளே இறங்கும், மேலே பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும், உள்ளே குழி. இதற்காக கார்பனுக்குப் பதில் பெரும்பாலும் நைட்ரஜனை வைத்துக் கெட்டியாக்குகிற எல்சி200என் மாதிரி ஸ்டீல்கள் வந்திருக்கின்றன. கடல் என்றதும் 316 தகட்டில் கத்தி அடிக்கச் சொல்கிறார்கள், வேண்டாம். 304 மாதிரி அதுவும் கெட்டியாகாது.

ஸ்டீல் சரியாக இருந்தும் கெட்டுப்போன கத்தியையும் பார்த்திருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் 440சி கத்தி அனுப்பினார், ஒரே வாரத்தில் வாயோரம் முழுக்கத் துருப் புள்ளி. அரம் வழுக்கியது, பதம் குறைவில்லை. செய்தவரிடம் விசாரித்தால் 500 டிகிரியில் டெம்பர் (கெட்டியாக்கிய பிறகு மறுபடி சூடாக்குவது) பண்ணியிருக்கிறார். டை ஸ்டீலுக்குச் செய்கிற பழக்கத்தில் செய்துவிட்டார். அந்த வெப்பத்தில் கெட்டித்தன்மை நன்றாகவே நிற்கும், ஆனால் குரோமியம் மறுபடியும் கார்பைடாகப் பிரிந்துபோய்விடும். இந்த மாதிரிக் கத்திகளை 1010-லிருந்து 1065 டிகிரிக்குள் காய்ச்சிக் குளிர்வித்து, 150-லிருந்து 200 டிகிரிக்குள் டெம்பர் பண்ணினால் போதும்.

பதம் போட்ட பிறகு சாணையில் கெடுப்பது இன்னொரு வகை. ஆங்கிள் கிரைண்டரில் வாயை இழுக்கும்போது ஒரு இடத்தில் நிறம் மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, எவ்வளவு தீட்டினாலும் அங்கே மட்டும் மடங்கும். வெறும் விரலால் பிடித்துக்கொண்டு, சூடு தெரிந்தவுடன் தண்ணீரில் முக்கி முக்கித்தான் செய்ய வேண்டும். சாதா இரும்பை அரைத்த கல்லிலேயே ஸ்டெயின்லெஸ்ஸையும் அரைத்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதிலிருந்து துரு கிளம்பும். அப்புறம் தோல் உறை. எடுத்துப்போக நல்லது, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வீட்டுக்கு வந்ததும் கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வெளியே வையுங்கள்.

தோட்டத்தில் தினமும் புழங்குகிறவர்களுக்கு ஸ்டெயின்லெஸ்ஸே தேவையில்லை என்பது என் கருத்து. லாரி ஸ்பிரிங் பட்டையில் நல்ல ஆசாரி அடித்த கத்தியின் உறுதிக்கு இந்த ஸ்டெயின்லெஸ் கத்திகளில் பாதி நிற்காது, தினமும் கையில் எடுத்துத் துடைக்கிற கத்தியில் துருவும் ஏறாது.

வாங்குகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த கிரேடு? ராக்வெல் எவ்வளவு? இரண்டுக்கும் எண்ணில் பதில் வர வேண்டும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஜப்பான் ஸ்டீல்', 'மிலிட்டரி கிரேடு' என்று பதில் வந்தால் கத்தியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காந்தம் ஒட்டினால் மட்டும் திருப்திப்பட வேண்டாம், 430 வகை ஸ்டெயின்லெஸ் தகட்டிலும் ஒட்டும், அதுவும் கெட்டியாகாது. பட்டை வாங்கிச் சொந்தமாகச் செய்கிறவர்கள் அது என்ன ஸ்டீல் என்று காட்டுகிற டெஸ்ட் சர்டிபிகேட்டையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். என்ன ஸ்டீல் என்று தெரியாமல் எத்தனை டிகிரியில் காய்ச்சுவது என்று எந்தப் பட்டறையிலும் முடிவு செய்ய முடியாது.