அட்டவணை: சொல்லும் பொருளும்

பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர் நாள் முழுக்கச் சொல்லும் சொற்களில் ஒன்று 'டேபிள்'. தரவுத்தளத்தில் இருப்பது டேபிள், அதிலிருந்து எடுத்து இணையப் பக்கத்தில் காட்டுவதும் டேபிள். அதையே தமிழில் எழுத உட்காரும்போது ஒருவர் 'பட்டியல்' என்கிறார், இன்னொருவர் 'கட்டம்' என்கிறார், மூன்றாமவர் 'அட்டவணை' என்கிறார். இந்த மூன்றும் ஒரே பொருளுள்ள சொற்கள் இல்லை. சரியான சொல் அட்டவணைதான். தரவைக் கொடுத்து கணினி நிரல்வழி அதை உருவாக்கும் வேலைக்கு 'அட்டவணையாக்கம்' என்ற சொல் பொருந்தும்.

பட்டியலை ஒரு திசையில்தான் படிக்க முடியும். மளிகைப் பட்டியலில் மூன்றாவது வரியில் துவரம்பருப்பு என்றிருந்தால், அதைப் புரிந்துகொள்ள வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. அட்டவணையை இரண்டு திசையிலும் படிக்க வேண்டும். அதில் ஒரு கட்டத்தில் '12640' என்று மட்டும் இருந்தால் அது வெறும் எண். மேலே 'வண்டி எண்' என்ற தலைப்பும் பக்கத்தில் 'பிருந்தாவன்' என்ற பெயரும் சேர்ந்த பிறகே அது பெங்களூருவிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலாகிறது. பொருள் கட்டத்துக்குள் இல்லை, பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் வரும் இரண்டு உறவுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. விளையாட்டுப் பக்கங்களில் 'புள்ளிப் பட்டியல்' என்று எழுதுகிறார்கள். உண்மையில் அதுவும் அட்டவணையே. ஆனால் அது வேரூன்றிய வழக்கு, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். புதிதாக எழுதும் தொழில்நுட்பக் கட்டுரையில் இந்த வேறுபாட்டைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் 'டாபுலா'. அதற்குப் பலகை என்று பொருள். எழுதும் பலகை, பலகையில் எழுதிய பத்தி, கணக்கு என்று பொருள் விரிந்தது. கி.மு. 450 அளவில் ரோமானியர் தங்கள் சட்டங்களைப் பொதுவில் பதித்துவைத்ததைப் 'பன்னிரண்டு பலகைகள்' என்றே அழைத்தார்கள்.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கிறது. தெலுங்கிலும் மலையாளத்திலும் இதற்குப் 'பட்டிக' என்கிறார்கள். வடமொழியில் 'பட்ட' என்பது எழுதுவதற்கான தகட்டையும் பலகையையும் குறிக்கும். ரோமானியர் பார்த்த அதே பார்வை இது. கன்னடத்தில் 'கோஷ்டக' என்பார்கள். கோஷ்டம் என்றால் அறை, ஆகவே கன்னடம் அறை அறையாகத் தடுத்திருப்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. பெங்களூரின் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் கண்ணில் படும் 'வேளாபட்டி' என்ற கன்னடச் சொல்லை நாம் உடனே புரிந்துகொள்கிறோம், நமக்கு அது கால அட்டவணை.

நம் அட்டவணை எங்கிருந்து வந்தது? அதை மராத்தியின் 'ஆட்டவண்' என்ற சொல்லோடு இணைத்துப் பார்ப்பார்கள். மராத்தியில் அதற்கு நினைவு என்று பொருள். மறக்காமல் இருக்கக் குறித்துவைப்பது, குறிப்பேடு, கணக்குப் பதிவேடு, பிறகு நூலின் பொருளடக்கம், கடைசியில் கட்டமிட்டு அடுக்கிய விவரம் என்று பொருள் நகர்ந்திருக்கிறது என்று கொண்டால் ஒலியும் பொருளும் ஒத்துவருகின்றன. பெங்களூருக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. 1638-ல் பெங்களூரு பீஜப்பூர் படையிடம் வீழ்ந்த பிறகு அது மராத்தியத் தளபதி ஷாஜி போன்ஸ்லேயின் ஜாகீரானது. அவருடைய மகன் ஏகோஜிதான் 1670-களில் தஞ்சாவூரைக் கைப்பற்றி அங்கே மராத்தியர் ஆட்சியைத் தொடங்கினார். அந்த ஆட்சி 1855 வரை நீடித்தது. அரசுக் கச்சேரிகளின் கணக்குச் சொற்கள் தமிழில் கலந்த பாதைகளில் அதுவும் ஒன்று.

பிறமொழிச் சொல் என்பதால் அட்டவணையை ஒதுக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கால அட்டவணை, தனிம வரிசை அட்டவணை என்று பள்ளிக்கூடம் வரை வேர்விட்ட சொல் அது. 22 மொழிகளைக் கொண்ட அரசமைப்புச் சட்டப் பகுதியையும் 'எட்டாவது அட்டவணை' என்றே சொல்கிறோம். அந்த இடத்தில் அது கட்டங்களைக் குறிக்கவில்லை, சட்டத்தின் பின்னிணைப்பைக் குறிக்கிறது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

சொல் வெளியிலிருந்து வந்திருக்கலாம். பொருள் நமக்குப் பழையது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி இருந்தது. பெருக்கல் அட்டவணைக்கு நாம் வைத்த பெயர் வாய்ப்பாடு, அதாவது வாயால் சொல்லிப் பயில்வது. அதைவிட ஆழமான சான்று நம் இலக்கணத்தில் இருக்கிறது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று நிரல்நிறை. சொற்களை ஒரு வரிசையிலும் அவை கொள்ளும் சொற்களை இன்னொரு வரிசையிலும் நிறுத்தி, முறைப்படி பொருத்திப் பொருள் கொள்வது அது. பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் 2009-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைக் கடந்துபோகும் தமிழர் பலரும் பள்ளியில் படித்த குறளே எடுத்துக்காட்டு:

அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை
பண்பும் பயனும் அது.

அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன். இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை. கோடு இல்லை, கட்டம் இல்லை, ஆனாலும் எது எதோடு சேரும் என்பதில் ஐயமே இல்லை. அட்டவணையின் உயிர் இந்தப் பொருத்தம்தான். கோடுகள் கண்ணுக்கு வசதி, அவ்வளவே.

இணையப் பக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும். இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் தொடக்கத்தில் அட்டவணைக்கு இடம் இருக்கவில்லை. கணினி வல்லுநர் டேவ் ராகெட் 1993-ல் அதற்கான வரைவை முன்வைத்தார். 1995-ல் நெட்ஸ்கேப் உலாவி அதைக் காட்டத் தொடங்கியது. 1997 ஜனவரியில் வெளியான ஹெச்டிஎம்எல் 3.2 அதை முறைப்படி ஏற்றது. அதில் 'டேபிள்' என்ற ஒட்டுக்குள் (டேக்) ஒவ்வொரு கிடைவரிசைக்கும் 'டிஆர்', தலைப்புக் கட்டத்துக்கு 'டிஹெச்', விவரக் கட்டத்துக்கு 'டிடி' என்று எழுத வேண்டும். தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு 'டிடி' என்றே விட்டால் கண்ணால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கோ எது தலைப்பு, எது விவரம் என்று தெரியாமல் போகும். 'வண்டி எண், 12640' என்று சேர்த்துப் படிக்க வேண்டியது வெறும் '12640' என்று படிக்கும். நிரல்நிறை உடைந்துவிடுகிறது.

இந்த ஒட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் நிரலகங்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், வந்தன. பைத்தான் மொழியில் பலரும் எடுப்பது பாண்டாஸ். நிரலாளர் வெஸ் மெக்கின்னி 2008-ல் எழுதத் தொடங்கியது. கரடியின் பெயர் போல ஒலித்தாலும், புள்ளியியலில் 'பேனல் டேட்டா' என்னும் தொடரிலிருந்து வந்த பெயர் அது. அதில் 'டூ ஹெச்டிஎம்எல்' என்ற செயற்கூறு தரவை வாங்கி முழு அட்டவணையையும் ஒட்டுகளோடு எழுதித் தந்துவிடும்.

ஊருக்குப் போகிறவர்களுக்காக பெங்களூரு ரயில்களை ஒரு கோப்பில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 12640 பிருந்தாவன், 12608 லால்பாக், 12658 சென்னை மெயில். அதோடு ஒரு சிறப்பு ரயில். சிறப்பு ரயில்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். கோப்பைப் படிக்கும்போது நிரலகம் இவையெல்லாம் எண்கள் என்று கணித்து அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிடுகிறது. ஒரு வரியில் எண் விடுபட்டிருந்தால் அந்த நெடுவரிசை முழுவதையும் பின்ன எண்ணாக்கி, பக்கத்தில் '12640.0' என்று காட்டுகிறது. அப்படி ஒரு ரயில் கிடையாது. வண்டி எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ யாருக்கும் தேவையில்லை. அது எண்வடிவில் உள்ள பெயர். ஆகவே கோப்பைப் படிக்கும்போதே அந்த நெடுவரிசையை எண்ணாக அல்லாமல் எழுத்துச்சரமாகப் படிக்கச் சொல்லிவிட வேண்டும்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரு கட்டத்தில் 50-க்கு மேற்பட்ட குறிகள் இருந்தால் பாண்டாஸ் தன் இயல்பான அமைப்பில் மீதியை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். 'தூத்துக்குடி' நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் கணினிக்கு அது 12. நிற்கும் ஊர்களை வரிசையாக எழுதிய கட்டம் ஆங்கிலத்தில் முழுதாக வந்து தமிழில் பாதியில் அறுந்துபோவது இதனால்தான். வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுந்தால் 'டி' என்பது 'ட' என்று நின்றுவிடும். அகல வரம்பை நீக்கும் அமைப்பு உண்டு, தமிழ்த் தரவுக்கு அதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

இந்த நிரலகம் இடது ஓரத்தில் 0, 1, 2 என்று தானாக ஒரு வரிசை எண்ணையும் போடும். பலர் அதைப் பிடிக்காமல் அணைத்துவிடுகிறார்கள். அணைத்ததும் கிடைவரிசைகளின் தலைப்பும் போய்விடுகிறது, ஏனென்றால் விவர வரிகளில் அந்த ஓரக் கட்டங்கள் மட்டுமே 'டிஹெச்' ஆக எழுதப்படுகின்றன. அணைப்பதைவிட வண்டி எண்ணையே அந்த இடத்தில் வைப்பது நல்லது. அப்போது ஒவ்வொரு வரிக்கும் உண்மையான தலைப்பு கிடைக்கும்.

இனி உறுப்புகளின் பெயர்கள். பள்ளிக் கணக்கில் அணிகளை (மேட்ரிக்ஸ்) படிக்கும்போது கிடையாக இருப்பதை நிரை என்றும் நெடுக்காக இருப்பதை நிரல் என்றும் படித்தோம். அழகான இணை. கணினித் துறையிலோ 'நிரல்' என்ற சொல் கட்டளைத் தொகுப்பைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. 'நிரல் மூன்றாவது நிரலை நீக்கும்' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. அதனால் நிரலாக்கம் பற்றி எழுதும் இடத்தில் கிடைவரிசை, நெடுவரிசை என்பதையே கொள்கிறேன். கணக்குப் பாடத்தில் நிரையும் நிரலும் அப்படியே இருக்கட்டும். இவை சந்திக்கும் இடத்துக்கு நுண்ணறை, சிற்றறை, கலம் என்று பல பெயர்கள் உண்டு. கன்னடத்தின் கோஷ்டகத்தைப் போல இவற்றில் பலவும் அறையைச் சொல்கின்றன. எனக்குக் கட்டம் போதும் என்று தோன்றுகிறது. ஜாதகத்திலும் குறுக்கெழுத்திலும் தமிழர் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள், முழு அட்டவணையையும் 'கட்டம்' என்று சொல்லாத வரை அதில் குழப்பம் வராது.