அரசாங்கம் ஆறு இலட்சம் தராது

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன கிழமை, வரிக் கணக்குப் பார்க்கும் என்னிடம் வந்திருந்தார். வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் பூட்டி எட்டு மாதம். பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு கோவையில் நூல் கட்டி ஒழுங்காக வைத்திருந்தார். "தம்பி, அந்த ஆறு இலட்சத்துக்கு எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்?" என்று கேட்டார்.

விலைத்தாளைப் பார்த்தேன். மொத்த விலைக்குக் கீழே யாரோ பேனையால் 'அரசாங்க நிவாரணம் 600,000' என்று எழுதி, அதைக் கழித்து, மீதிக்குக் கீழ் இரட்டைக் கோடும் போட்டிருந்தார்கள். இதே கழித்தலோடு இந்த வருடம் என் மேசைக்கு வந்த ஏழாவது தாள் அது. அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி கிடையாது. வரியே கட்டாதவருக்கு எதில் குறைப்பது? ஒரு சதமும் வராது என்று அவருக்குச் சொல்ல வேண்டியவன் நான். எழுதிக் கொடுத்தவர் அடுத்த கூரைக்குப் போய்விட்டார்.

பிழை பாதி அந்தச் சொல்லில் இருக்கிறது. எங்கள் ஊரில் நிவாரணம் என்றால் கையில் கிடைப்பது. இடம்பெயர்ந்து அட்டையோடு வரிசையில் நின்று அரிசியும் மாவும் பருப்பும் வாங்கிய சனம் நாங்கள். வருமான வரிச் சட்டத்தில் நிவாரணம் என்பது எவரும் எதையும் நீட்டுவதில்லை. உங்கள் வருமானத்தில் ஒரு பகுதியை வரிக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். இலங்கையின் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தம், சூரியத் தகடு வாங்கிய செலவை ஆண்டுக்கு 600,000 ரூபாய் வரை வருமானத்தில் கழிக்க விடுகிறது. வருமானத்தில். வரியில் அல்ல. இதை நான் வாடிக்கையாளர்களுக்கு மூன்று தரம் சொல்கிறேன், மூன்றாம் தரமும் தலையாட்டிவிட்டு, "அப்போ காசு எப்போது வரும்?" என்கிறார்கள்.

கணக்காகவே பார்ப்போம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதம், இப்படியே ஏறி 36 வரை போகும். மாதம் 150,000 சம்பளம் என்றால் வரியே இல்லை. சோலாரால் வரிக் கணக்கில் மாற்றமும் இல்லை. மாதம் 200,000 எடுப்பவர் ஆண்டுக்கு 36,000 கட்ட வேண்டும். கழித்த பிறகு அது பூச்சியமாகும். 250,000 எடுப்பவர் 96,000 கட்டும் இடத்தில் 36,000 கட்டுவார், மிச்சம் 60,000. ஆறு இலட்சத்தில் ஒரு பூச்சியம் குறைவு! மாதம் 4 இலட்சத்துக்கு மேல் உழைத்து 36 சதவீதப் படியில் நிற்பவருக்கும் ஓர் ஆண்டில் ஆகக் கூடியது 216,000தான்.

மின்கட்டமைப்புக்கு அனுப்பும் மின் அலகுகளுக்கு வரும் பணம் வேறு விடயம். இரண்டையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள்.

அடுத்தது பெயர். யாழ்ப்பாணத்துக் கோவைகளில் இது ஒரு தனிக் கூத்து. சீதன வீடு மனைவி பெயரில். மின்பட்டியல் பத்து வருடத்துக்கு முன் காலமான மாமனார் பெயரில். பற்றுச்சீட்டு கணவன் பெயரில். காசு அனுப்பியது ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர். இதில் இங்கே வரி கட்டுகிறவர் மனைவி ஒருவர்தான், அவர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. செலவழித்தவரே கழிக்கலாம். பூட்டிய பிறகு பெயரை மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள், தயவுசெய்து.

தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த தகடுகளுக்கே சலுகை. பற்றரியோடு தனியே ஓடும் தொகுதிக்கு இல்லை. டீசல் இயந்திரத்தில் மின்சாரம் பெற்றுவந்த நெடுந்தீவிலும் அனலைதீவிலும் இருந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வெயில் அங்கே குறைவா என்றால் இல்லை, ஆனால் சட்டத்தின் வாசகம் அப்படி. கடன் எடுத்து வாங்கினால் வங்கிக்குக் கட்டும் தொகையைக் கழிக்கலாம். வட்டிக்கு விடும் அயலவர் வங்கி அல்ல.

ஆகவே கையெழுத்து வைக்க முன் உங்கள் வரி எவ்வளவு என்று பாருங்கள். சம்பளத்தில் வெட்டும்போது அலுவலகம் இந்தக் கழிவைப் பார்ப்பதில்லை. மார்ச் 31இல் முடியும் வரியாண்டுக்கு நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டு அனுப்பி நீங்களே கோர வேண்டும். பற்றுச்சீட்டு, பணம் கட்டிய ஆதாரம், மின் இணைப்பு ஒப்பந்தம் மூன்றையும் ஒரே பெயரில் வைத்திருங்கள். விலைத்தாளில் 'நிவாரணம்' என்று கழித்திருந்தால் அந்தக் கழித்தலை வெட்டிவிட்டு மேலே உள்ள தொகைக்குக் கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள். சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் கூரையிலும் இருக்கிறது.

ஆசிரியையின் கோவையில் நிலையான வைப்புக் கூற்று ஒன்றும் கிடந்தது. வட்டியில் மாதாமாதம் 10 சதவீதம் வரியாக வெட்டுப்பட்டிருந்தது. மொத்த வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் அது வெட்டப்படாது. அவருக்கு எவரும் சொல்லவில்லை. அன்று நான் நிரப்பிக் கொடுத்தது அந்த ஒரு படிவம்தான்.