நாலு மூலையும் பார்த்து அனுப்புங்கள்

என் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவில் ரொம்ப நாளாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பவும். அப்போதுதான் பிரிண்ட் தெளிவாக வரும்.’ நானே மார்க்கர் பேனாவில் எழுதியது. போன தீபாவளி முடிந்த வாரம் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோ இது. அவர் காலத்தில் ரப்பர் தோட்டத்துக் கோயில்களில் திருவிழா என்றால், யாஷிக்கா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மோட்டாரில் கிளம்பிவிடுவார். ஒரு 120 ஃபிலிம் ரோலில் 12 படம்தான் எடுக்க முடியும். ஒன்று கெட்டாலும் கைக்காசு போச்சு. என்னை உதவிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் சொல்லுவார்: “மூஞ்சி எங்கேயும் ஓடிப்போகாதுடா. மூலையைப் பாரு.” காவடி எடுப்பவரின் தலையில் லைட்டுக் கம்பம் முளைத்திருக்கும். ஓரத்தில் யாராவது வாயைத் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். நாலு மூலையும் சுத்தமாக இருந்தால்தான் பொத்தானை அழுத்துவார்.

இப்போது பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் தாமான் எனும் குடியிருப்புப் பேட்டை வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். கடை வருமானத்தில் பாதி போன் ரிப்பேரில்தான் வருகிறது. பிரிண்ட் கேட்டு வருகிறவர்கள் கடைவாசலில் நின்றபடியே படத்தை அனுப்புகிறார்கள். தாள் ஒட்டியது அவர்களுக்காகத்தான்.

தீபாவளி லீவில் ஒரு தம்பி வந்தார். ராணுவத்தில் இருக்கிறார். (அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மாவுக்கு ஆல்பம் வேண்டுமாம். “அண்ணே, எல்லாத்தையும் டாக்குமெண்டா அனுப்பிட்டேன், நீங்க சொன்ன மாதிரி” என்றார். இருநூற்றுச் சொச்சம் படங்கள். சிநேகிதர்களோடு பஸ் எடுத்துத் தாய்லாந்தின் ஹாட்யாய் போய்வந்தது, பழைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளின் ஒன்றுகூடல், அப்புறம் முகாம் வாழ்க்கை. ஆல்பத்துக்கு வரிசைப்படுத்த நான் பயன்படுத்தும் மென்பொருளில் வரைபடம் என்றொரு பக்கம் உண்டு. கை தவறி அதைத் தட்டிவிட்டேன். திரையில் சிவப்புப் புள்ளிகள் கொட்டின. ஹாட்யாயில் அவர்கள் தங்கிய ஹோட்டல். கூட்டாளிகளில் ஒருவருடைய வீடு, எந்தச் சாலை, எந்த வரிசை என்பது வரை. கடைசியாக முகாம். அதில் எந்தக் கட்டடத்தின் அருகில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இருந்தது.

தம்பி பேச்சில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பேச்சு வரவில்லை. டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னவன் நான்தானே.

போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்சிஃப் என்று ஒரு குறிப்புச் சீட்டு ஒளிந்திருக்கிறது. போன் மாடல், தேதி, நேரம், லென்ஸ் விவரம் எல்லாம் அதில் பதிவாகும். கேமராவுக்கு இட அனுமதி கொடுத்திருந்தால் ஜிபிஎஸ் எண்களும் சேர்ந்துவிடும். அந்த எண்ணில் தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் நாலாவது இலக்கம் ஒன்று கூடினால், தரையில் சுமார் 11 மீட்டர்தான் நகரும். ஒரு வீட்டைக் காட்ட அது போதும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கும்போதே இந்தச் சீட்டையும் கழற்றிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போய்ச் சேரும், சீட்டோடு. டெலிகிராமில் ஃபைல் என்று அனுப்பினாலும், மின்னஞ்சலில் இணைத்தாலும் இதே கதைதான். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றிய படத்தை மற்றவர்கள் இறக்கிப் பார்த்தால் சீட்டு இருக்காது. ஆனால் ஏற்றும்போது அந்த நிறுவனத்தின் கைக்கு அது போகத்தான் செய்கிறது. சாதாரணப் படம் தெளிவாக இருக்காது, டாக்குமெண்ட்தான் நல்லது என்று நான் பிரச்சாரம் செய்ததில் தொழில் அக்கறை இருந்தது. விஷயம் தெரியாமல் செய்த தப்பும் இருந்தது. சொல்லப்போனால், 4ஆர் (நாலுக்கு ஆறு அங்குல) பிரிண்டுக்கு 1200க்கு 1800 பிக்சல் இருந்தால் தாராளம். வாட்ஸ்அப்பில் ஹெச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலே ஆல்பத்துக்குப் போதுமானது.

சீட்டை நிறுத்துவது சுலபம். ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்கில் லொகேஷன் டேக் என்பதை அணைத்துவிடலாம். ஐபோனில் பிரைவசிக்குள் போய், லொகேஷன் சர்வீசஸில் கேமராவை ‘நெவர்’ என்று வைக்கலாம். ‘பயணத்தில் எங்கே எடுத்தேன் என்று பிறகு எனக்கே தெரிய வேண்டாமா?’ என்று கேட்பவர்களுக்கு: எடுக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், பகிரும்போது கழற்றுங்கள். ஐபோனில் ஷேர் பக்கத்தின் மேலே ‘ஆப்ஷன்ஸ்’ இருக்கும், அதில் லொகேஷனை அணைத்தால் அந்தப் படம் மட்டும் இடமில்லாமல் போகும். எதுவும் புரியவில்லையா? படத்தைத் திரையில் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை அனுப்புங்கள். மூலப் படத்தின் சீட்டு அதில் வராது. என் அக்காவுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் சீட்டைக் கழற்றியதோடு வேலை முடிந்ததென்று நினைத்தால் அப்பா சிரிப்பார். மூலை இன்னும் பாக்கி.

தம்பியின் முகாம் படங்களை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகங்கள் எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தன. பின்னால்தான் பிரச்சினை. சுவரில் பணி அட்டவணை, அதில் பெயர்களும் நேரங்களும். ஒரு மூலையில் இசட் எழுத்தில் தொடங்கும் ராணுவ வண்டியின் எண். சட்டையில் பெயர்ப் பட்டையும் பிரிவுச் சின்னமும். துப்பாக்கியோடு காவலாளி படம் போட்ட சிவப்புப் பலகையைச் சாலையோரங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். 1959ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள், இடங்கள் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. ஒரு படத்தில் அந்தப் பலகைக்கு முன்னாலேயே ‘பீஸ்’ காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வயசு அப்படி. நானாக இருந்தாலும் நின்றிருப்பேன்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவர் பிரிவிலேயே சொல்லியிருப்பார்கள், அது அவருக்கும் மேலதிகாரிக்கும் உள்ள விஷயம். நான் ஒரு பழைய சம்பவத்தை மட்டும் சொன்னேன். 2007ல் ஈராக்கில் ஒரு தளத்துக்குப் புதிதாக ஹெலிகாப்டர்கள் வந்திறங்கின. அமெரிக்கச் சிப்பாய்கள் ஆசையாகப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள், இடக்குறியோடு. எதிர்த்தரப்பு அதை வைத்தே மோர்ட்டார் குண்டு வீசியது. நாலு அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் அழிந்தன. அமெரிக்க ராணுவமே 2012ல் இதை எடுத்துச் சொல்லித் தன் ஆட்களை எச்சரித்தது.

“நம்ம நாட்டுல சண்டையா நடக்குது, அண்ணே?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 2007லிருந்து நம் வீரர்கள் லெபனானில் அமைதிப்படையில் நின்றிருக்கிறார்கள், நாளைக்கு இவரும் அப்படி எங்காவது போகலாம். பழக்கம் என்பது விமானம் ஏறும்போது மாறிவிடாது. அதோடு, படங்களுக்கு நடுவில் காலை ஓட்டத்தின் வரைபட ஸ்கிரீன்ஷாட்டும் நாலைந்து இருந்தன. முகாமின் வேலியோரமாக அழகாக ஒரு வட்டம். ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் உலகம் முழுதும் ஓடியவர்களின் தடங்களைச் சேர்த்து ஒரு வரைபடம் வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைக் கூர்ந்து பார்த்தார். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருட்டாகக் கிடந்த பகுதிகளின் நடுவே ராணுவத் தளங்களின் உருவம் ஒளிக்கோடாகத் தெரிந்தது. தம்பி அங்கேயே தன் ஓட்டங்களைப் பொதுப் பார்வையிலிருந்து மாற்றினார்.

சிப்பாயின் படத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தாமானிலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவரை இழந்தவர். போனில் ஒரு வெள்ளைக்கார ராணுவ டாக்டரின் படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்ட வேண்டும் என்றார். முகத்தில் அப்படியொரு வெட்கம். அவர் பார்சல் அனுப்பியிருக்கிறாராம், சுங்கத்துறையில் மாட்டிக்கொண்டதாம், இவர் ஏற்கெனவே இரண்டு தடவை பணம் கட்டியிருக்கிறார். படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். அதே முகம், வேறு வேறு பெயரில், வேறு வேறு நாட்டில். அதை அவரிடம் காட்டிய நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “பிரிண்ட் வேணாம் தம்பி” என்று எழுந்து போனார்.

அமெரிக்க ராணுவத்தின் குற்றப் புலனாய்வுப் பிரிவு பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: எந்தச் சிப்பாயும் லீவு வாங்குவதற்கு வெளியாள் யாரும் பணம் கட்டத் தேவையில்லை. நம் ஊரில் பணத்தை அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும். இந்த அக்காவின் துயரத்தில் இன்னொருவரும் இருக்கிறார் என்பதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த டாக்டர், அவர் உண்மையில் யாராக இருந்தாலும், தன் வீட்டாருக்காகவோ சிநேகிதர்களுக்காகவோ ஒரு நல்ல படத்தைப் போட்டவர். அவ்வளவுதான் அவர் செய்தது.

சிநேகிதர்கள் என்றதும் பள்ளிக்கூட ஒன்றுகூடல் படங்கள். இருபத்தைந்து பேர், பின்னால் ஊர்ப் பெயரோடு பதாகை. இதே மாதிரி வேறொரு ஒன்றுகூடலுக்குப் பிறகு ஒரு பெண் கடைக்கு வந்து, குழுவில் போட்ட படத்திலிருந்து தன்னை அழித்துத் தர முடியுமா என்று கேட்டார். பிரிந்த கணவருக்கு அவர் இந்த ஊருக்குத் திரும்பி வந்தது தெரியாது. என்னால் என் கணினியில் இருப்பதைத்தான் அழிக்க முடியும். அதற்குள் அந்தப் படம் ஃபேஸ்புக்கில் ஊர்ப் பெயர் குறித்து, அவர் பெயரும் ‘டேக்’ செய்து, முப்பது நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். போட்டவரும் நல்லவர்தான், வெள்ளந்தியான மனிதர். கூட நின்றவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘குழுவில் மட்டும் போடட்டுமா, வெளியேயும் போடட்டுமா?’ என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? நம்மிடையே அப்படிக் கேட்டால் அந்நியமாகப் பேசுவதுபோல் இருக்கிறது, அதுதான் சிக்கல். பழகிவிட்டால் சரியாகிவிடும்.

பயணப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தோடு எங்கேயோ இருக்கிறோம் என்று நேரலையாகப் போடுவது, வீடு காலி என்று வாசலில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். திரும்பி வந்த பிறகு போட்டால் லைக் ஒன்றும் குறைந்துவிடாது. பெருநாள் காலத்தில் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் வசதியும் இருக்கிறது, நம் ஆட்கள் பயன்படுத்துவது குறைவு. போர்டிங் பாஸைப் படமெடுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபோட் தன் போர்டிங் பாஸை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த பதிவு எண்ணை வைத்து விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைந்த ஒருவருக்கு அவருடைய பாஸ்போர்ட் எண்ணும் தொலைபேசி எண்ணும் கிடைத்துவிட்டன. நல்ல வேளை, கண்டுபிடித்தவர் அதை அரசாங்கத்திடமே தெரிவித்தார்.

என் பக்கத்துக் கடமையையும் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்காக, குடும்பத்துக்காக வைத்திருக்கும் படங்களைத் தொடாது. காசு வாங்கி வேலை செய்யும் என்னைத் தொடும். ஆல்பத்தைக் கொடுத்ததும் கோப்புகளை அழித்தாயிற்றா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், நான் உட்பட. கோபித்துக்கொள்கிற கடைக்காரரிடம் அடுத்த தடவை போகாதீர்கள்.

தம்பியும் நானும் கடைசியில் அறுபது படங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஆல்பம் காகிதம்தானே, வீட்டு அலமாரியில் இருக்கப்போவது. அதனால் சீருடைப் படம் ஒன்றை வெட்டாமல், மறைக்காமல் முதல் பக்கத்தில் வைத்தோம். ஃபேஸ்புக்குக்கு என்று தனியாக ஏழு படங்களை, மூலையெல்லாம் வெட்டி, சீட்டையெல்லாம் கழற்றித் தயார் செய்துகொடுத்தேன். லீவு முடிந்து அவர் கிளம்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவர் அம்மாவின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் போனில் படமெடுத்துப் போட்டிருந்தார். மேலே ‘என் சிங்கம்’. பெயர்ப் பட்டை, பிரிவுச் சின்னம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பிரிண்ட் தரம் அருமை, அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் மேசைமேல் மின்சாரப் பில் வேறு, வீட்டு முகவரியோடு. கடையை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.